ஏஐ மாநாட்டுக்கு புரோபோசல் அனுப்புறது எப்படி? முதல் தடவை அனுப்புறவங்களுக்காக, கோத்தகிரியில இருந்து

லைப்ரரி, மியூசியம், ஆவணக் காப்பகம், இங்கெல்லாம் ஏஐய எப்படி பயன்படுத்தலாம்னு பேசுறதுக்கே தனியா மாநாடு நடக்குதுங்க. ஃபன்டாஸ்டிக் ஃபியூச்சர்ஸ்னு பேரு. 2018ல ஆஸ்லோவுல நார்வே தேசிய நூலகத்துல ஆரம்பிச்சது, 2024ல கான்பெரா, 2025ல லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரின்னு ஊர் ஊரா போய்ட்டு இருக்கு. இதுக்கெல்லாம் மலை மேல இருக்கிற சின்ன லைப்ரரிக்காரங்க நாம என்னத்த அனுப்புறதுன்னு தயங்காதீங்க. 1859ல ஆரம்பிச்ச லைப்ரரி ஊட்டியில இருக்கு, முத்தோரை பாலாடாவுல பழங்குடியினர் ஆய்வு மையத்தோட மியூசியம் இருக்கு, நம்ம கிட்ட சரக்கு நிறையவே இருக்குங்க.

முதல்ல மாநாட்டுக்காரங்க புரோபோசல் கேட்டு போடுற அறிவிப்ப ரெண்டு தடவை படிங்க. ரெண்டாவது தடவை பேனாவோட உக்காருங்க: தலைப்பு என்ன, எத்தனை வார்த்தை, கடைசி தேதி எப்போ, உங்க பேரு ஊரு எல்லாம் மறைச்சு அனுப்பணுமா. முழு கட்டுரை, செஞ்ச வேலைய ஒரே பெரிய தாள்ல காட்டுற போஸ்டர், அஞ்சு பத்து நிமிஷ குட்டிப் பேச்சு, பயிற்சிப் பட்டறைன்னு பல வகை கேப்பாங்க. முதல் தடவைன்னா போஸ்டரோ குட்டிப் பேச்சோ போதும், முழு கட்டுரைக்கு உங்க கையில முடிஞ்ச வேலை இருக்கணும்.

அடுத்தது பிரச்சினைய பிடிக்கிறது, இங்கதான் நிறைய பேரு வழுக்குறாங்க. நான் முதல் வருஷம் "ஏஐ நூலகங்களை மாற்றும்"ங்கிற மாதிரி பெருசா எழுதி அனுப்பினேன், திரும்பி வந்துடுச்சு, எந்த புத்தகம், எந்தப் பக்கம், நீங்க என்ன செஞ்சு பாத்தீங்கன்னு ரிவ்யூவர், அதாவது புரோபோசல படிச்சு மதிப்பிடுறவங்க, கேட்டிருந்தாங்க. நியாயமான கேள்வி. அதுக்கப்புறம் ஒரே ஒரு புத்தகத்த எடுத்து வச்சுக்கிட்டேன், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சானது, மழைக்கால ஈரத்துல ஓரமெல்லாம் பூஞ்சணம் பிடிச்சிருந்துச்சு. ஸ்கேன் பண்ணி டெசராக்ட்ல ஓட்டினேன், அது காசில்லாத ஓசிஆர் மென்பொருள், அதாவது படத்துல இருக்கிற எழுத்த படிச்சு டைப் பண்ணிக் கொடுக்கிறது, தமிழும் படிக்கும். தும்பிக்கை மாதிரி கொம்பு போட்ட பழைய லை, ளை, னை வர்ற இடத்துல எல்லாம் தடுமாறுச்சு. பழைய அச்சுல ரகரமும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அதனால "மரம்"ங்கிறது "மாம்"னு வந்து நின்னுச்சு. இந்த ஒரு வார்த்தைய படத்தோட காட்டினாலே தமிழ் தெரியாத ரிவ்யூவருக்கும் பிரச்சினை புரிஞ்சுடும்.

உங்க கிட்ட புத்தகம்தான் இருக்கணும்னு இல்ல, போட்டோவா இருக்கலாம், கையெழுத்து ரிஜிஸ்டரா இருக்கலாம், வாய்மொழிப் பாட்டு கேசட்டா இருக்கலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்த பாருங்க, நூறு வருஷத்துக்கும் மேல எடுத்த சூரியப் படத் தகடுகள டிஜிட்டல் ஆக்கி வச்சிருக்காங்க, கரும்புள்ளிய கம்ப்யூட்டரே தேடிப் பிடிக்கிற ஆராய்ச்சிக்கு அது கைகொடுக்குது. பழனி மலைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு பக்கத்துலயே உதாரணம்.

பிடிச்ச பிரச்சினைய அளந்து காட்டணும். ரொம்ப சிம்பிள், ஒரு பக்கத்த நீங்களே கையால சரியா டைப் பண்ணி வச்சுக்கிட்டு மிஷின் கொடுத்ததோட எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. 1000 எழுத்துக்கு 120 தப்புன்னா பிழை 12 சதவீதம், அவ்வளவுதான் கணக்கு. தப்பு கூட வந்தாலும் மறைக்காதீங்க, எங்க ஏன் தப்பாச்சுன்னு சொல்றதுதான் அங்க வர்றவங்களுக்கு வேணும்.

அனுமதி விஷயத்துல கொஞ்சம் நின்னு யோசிங்க, இத நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். நம்ம நாட்டுல எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை இருக்கு, அது ஒரு பக்கம். தோடர், கோத்தர், இருளர், குறும்பர் மக்களோட போட்டோ, பாட்டு, சடங்கு எதையாவது எடுத்து ஏஐக்கு பழக்கப் போறீங்கன்னா சட்டம் தடுக்கலைன்னாலும் தோடர் குடியிருப்பான மந்துக்கோ மத்தவங்க ஊருக்கோ நேர்ல போய் பெரியவங்க கிட்ட கேளுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. கேர்னு ஒரு கொள்கை இருக்கு, பழங்குடி மக்களோட தகவல் மேல அதிகாரம் அவங்களுக்குத்தான்னு சொல்லுது. யார் கிட்ட கேட்டீங்க, என்ன சொன்னாங்கன்னு புரோபோசல்ல ரெண்டு வரி எழுதுங்க.

இப்போ எழுதலாம். 300 வார்த்தை கேட்டா இந்த வரிசை எனக்கு சரியா வந்துச்சு: என்ன பிரச்சினை, என்ன செஞ்சோம், என்ன கிடைச்சுது, கேக்குறவங்க எத எடுத்துட்டுப் போய் அவங்க ஊர்ல செய்யலாம். "நவீன தொழில்நுட்பத்தின் துணையோடு பாரம்பரியத்தைப் பாதுகாக்கிறோம்"னு எழுதாதீங்க, "1978க்கு முந்தைய தமிழ் அச்ச ஓசிஆர் எங்க தப்பா படிக்குது, அத திருத்த நாங்க செஞ்ச மூணு வேலை"ன்னு எழுதுங்க. முதல்ல தமிழ்லயே எழுதிட்டு அப்புறம் இங்கிலீஷுக்கு மாத்துங்க, யோசனை தெளிவா நிக்கும். மாத்துறதுக்கு ஏஐய பயன்படுத்தினா அதப் பத்தி அறிவிப்புல என்ன விதி இருக்குன்னு பாத்துக்கோங்க.

அனுப்புறது ஈசிசேர், கான்ஃப்டூல் மாதிரி இணையதளத்துல இருக்கும், முன்னாடியே அக்கவுண்ட் திறந்து வச்சிருங்க. கடைசி தேதிக்குப் பக்கத்துல ஏஓஇன்னு போட்டிருந்தா உலகத்துல எங்கயாவது அந்தத் தேதி இருக்கிற வரைக்கும் நேரம் உண்டுன்னு அர்த்தம், நம்ம கடிகாரத்துல அடுத்த நாள் சாயங்காலம் 5.29 வரைக்கும். ஆனா அத நம்பி உக்காராதீங்க, மழை பிடிச்சா நம்ம ஊர்ல கரண்டும் போகும் டவரும் போகும். ரெண்டு நாள் முன்னாடியே ஒரு வடிவத்த ஏத்திடுங்க, தேதி முடியுற வரைக்கும் மாத்திக்க பெரும்பாலும் விடுவாங்க.

ஃபார்ம்ல பயண உதவின்னு ஒரு கட்டம் இருந்தா கூச்சப்படாம டிக் பண்ணுங்க, ஆன்லைன்ல பேச வாய்ப்பு உண்டான்னும் மெயில் போட்டு கேளுங்க. பாஸ்போர்ட் இல்லைன்னா இப்பவே அப்ளை பண்ணிடுங்க, முடிவு வந்த பிறகு விசாவுக்கு கிடைக்கிற நாள் கம்மி.