கைத்தட்டிலிருந்து கோலாட்டம் வரை: மூன்றாம் வகுப்புக்கு ஒரு தாளப் பயிற்சி

உடற்கல்விப் பாடவேளையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு எண்ணிக்கையில் எளிய கோலாட்டம் பழக்கும் முறையை இங்கே தருகிறேன். வரிசைப்படுத்துவதும் உடலைத் தளர்த்துவதும் எல்லோரும் அறிந்தவை என்பதால் நேரே தாளத்துக்கு வருகிறேன்.

படி 1: வேகத்தைக் கண்டுபிடித்தல்

பிள்ளைகளை வட்டமாக, அவரவர் விருப்பப்படி நடக்கவிட்டு, அவர்களுடைய காலடிக்கு ஏற்ப நீங்கள் டிரம்மை அடியுங்கள். மெதுவாக அடித்தால் எளிதில் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்துத் தொடங்குவதால்தான் பல வகுப்புகள் குலைந்துபோகின்றன. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடிகள் இயல்பாக இருக்கும். சிறு பிள்ளைகளின் இயல்பான வேகமோ அதைவிடக் கூடுதல். தாளம் மெதுவாகும்போது இரண்டு அடிகளுக்கு நடுவே உடலை அடக்கிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு இந்த வயதில் முழுதாக வளர்ந்திருக்காது. ஆகவே 120 அல்லது 130 அடிகளில் தொடங்கி, நடை ஒன்றுபட்ட பிறகு படிப்படியாகக் குறையுங்கள். குறைக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் ‘தகதிமி’ என்று சொல்ல வைத்தால், அந்த நான்கு அசைகளும் இடைவெளியை நிரப்பிவிடுவதால் யாரும் முந்திக்கொள்ள மாட்டார்கள்.

படி 2: வெறுங்கையால் எட்டு

உள்வட்டமும் வெளிவட்டமும் எதிரெதிரே நிற்கட்டும். ஒன்றுக்குத் தன் கைகளையும், இரண்டுக்கு இணையின் வலக்கையையும், மூன்றுக்கு மீண்டும் தன் கைகளையும், நான்குக்கு இணையின் இடக்கையையும் தட்ட வேண்டும். ஐந்து முதல் ஏழு வரை வெளிவட்டம் வலப்பக்கமாக அடுத்த இணைக்கு நகர, உள்வட்டம் நின்ற இடத்திலேயே கால் மிதிக்கும். எட்டு வெற்று எண்ணிக்கை. பிள்ளைகள் விழுங்கிவிடுவது இதைத்தான். முதலில் ‘நில்’ என்று உரக்கச் சொல்ல வைத்து, பிறகு உதட்டசைவாக்கி, கடைசியில் மனத்துக்குள் சொல்ல வையுங்கள்.

படி 3: கோல்

இறுக்கிச் சுருட்டி ஒட்டிய செய்தித்தாள் முதலில். ஓரடி நீள மரக்கோல் பிறகு. தட்டு மார்பு உயரத்தைத் தாண்டக்கூடாது.

ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் தடுமாறும் பிள்ளைக்காகப் பாட்டு காத்திருக்காது. விசிலும் வேண்டாம், அது நிறுத்துவதற்கான ஒலியாகவே இருக்கட்டும். டிரம் வட்டத்தின் நடுவில் இருப்பது நல்லது: 30 மீட்டர் தள்ளி நிற்பவரை ஒலி அடைய ஏறக்குறைய 0.09 நொடி ஆகும், 120 அடி வேகத்தில் இரண்டு அடிகளுக்கு இடையே இருப்பதோ 0.5 நொடிதான். அணிவகுப்பில் பின்வரிசை எப்போதும் பிந்துவதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் இரண்டு சிக்கல்களை எழுப்பியிருந்தார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால், மீதமுள்ள பிள்ளையிடம் டிரம்மைக் கொடுத்து, சுற்றுக்கு ஒருவராக மாற்றுங்கள். செவித்திறன் குறைந்த பிள்ளை இருந்தால், அடிப்பவரின் கை தெரியும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வோர் அடிக்கும் முன் குச்சியைத் தோளுக்கு மேல் உயர்த்தச் சொல்லுங்கள். அடுத்த அடி எப்போது விழும் என்பது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிவதால், தாளத்தில் பிந்தும் மற்ற பிள்ளைகளும் அதைப் பார்த்தே சேர்ந்துகொள்வார்கள்.