பழைய டர்போ காருக்குப் பெரிய டர்போ: முதல் முறை கை வைப்பவர்களுக்கு

உதாரணத்துக்கு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரின் பழைய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 1,781 சிசி, 20 வால்வு, 150 குதிரைத்திறன். அதில் வருவது கே03 என்ற சிறிய டர்போ, அதாவது வெளியேறும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அதைக் கழற்றிவிட்டு ஒரு படி பெரிய கே04 பொருத்துவதுதான் வேலை. வேறு கம்பெனியின் பழைய டர்போ இன்ஜின் என்றாலும் வேலையின் வரிசை பெரிதும் மாறாது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரத்திலிருந்து வண்டி மாறுபடும்படி எதையும் மாற்றக்கூடாது என்கிறது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகையும் கைக்கு வராமல் போகலாம். ஆகவே இது பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்று ஒதுக்கிய காருக்கான வேலை. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் வட சென்னைக்காரர்களுக்குத் தடம் பக்கத்திலேயே இருந்தது. இப்போது காரை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் போக வேண்டும்.

எந்த அளவு டர்போ?

பெரியதாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1.78 லிட்டர் இன்ஜின் 6,000 சுற்றில், சிலிண்டர்கள் 90 சதவீதம் நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,800 லிட்டர் காற்றை இழுக்கும். 35 டிகிரி சென்னை வெயிலில் அதன் எடை சுமார் 5.5 கிலோ. டர்போ ஒரு பார் கூடுதல் அழுத்தம் (பூஸ்ட்) கொடுத்து, அந்தச் சூடான காற்றை இன்டர்கூலர் ஓரளவு குளிர்வித்தால் அது 10 கிலோவை நெருங்கும். பெட்ரோல் இன்ஜினில் நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று ஏறத்தாழ 20 குதிரைத்திறன். ஆக, 200 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 10 கிலோ காற்றைச் சூடேற்றாமல் தள்ளும் டர்போ போதும். அதற்கு மேல் பெரியதை மாட்டினால் அதன் சக்கரம் வேகம் பிடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆக்டேவியாவில் இன்ஜின் குறுக்காக அமர்ந்திருக்கிறது. நெடுக்காக இன்ஜின் வைத்த பழைய பஸாட், ஆடி ஏ4 கார்களின் கே04 இதில் நேரடியாகப் பொருந்தாது. ஆடி டிடியின் 225 குதிரைத்திறன் இன்ஜினில் வரும் கே04 இன்னும் பெரியது, அதற்கு, சிலிண்டர்களின் புகையைத் திரட்டி டர்போவுக்குக் கொண்டுவரும் மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழையது கிடைத்தால் அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, சக்கரத்தின் இறக்கைகள் உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இன்ஜின் தாங்குமா?

நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும்போது எழும் அழுத்தம்) பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் செலவு செய்ய வேண்டிய இடம் டர்போ அல்ல. காற்றுக் குழாய்களில் சோப்பு நீர் தடவி, கம்ப்ரஸர் காற்றை மெல்லக் கொடுத்து, குமிழி வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது வயது ரப்பரில் குமிழி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கழற்றுவது

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரம் நின்ற கார் என்றால் வெளியே தெரிவதைவிட அடியில் துரு அதிகம் இருக்கும். மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் திருகாணிகளான ஸ்டட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் அடித்துவிடுங்கள். அசையாத நட்டைப் பலம் கொண்டு திருகாமல் பட்டறைக்காரரிடம் சூடு காட்டச் சொல்லுங்கள். ஸ்டட் உள்ளேயே முறிந்தால் ஒரு மணி நேர வேலை லேத் பட்டறை வரை போகும். பேட்டரி இணைப்பை எடுத்து, இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட்டை வடித்து, டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாய்), கூலன்ட் குழாய்கள், ஆயில் குழாய்கள் என்ற வரிசையில் பிரியுங்கள். டர்போ இன்ஜினுக்குப் பின்னால் இருப்பதால் பாதி வேலை காருக்கு அடியில்தான். ஜாக்கை நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு அவசியம்.

ஆயில்: அவசரம் கூடாத இடம்

டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. புதிய டர்போ சில வாரத்தில் புகைந்தால் எல்லோரும் டர்போவைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி பழைய ஆயில் குழாய். இந்த இன்ஜினில் ஆயில் வரும் குழாய் மேனிஃபோல்டின் சூட்டை ஒட்டியே போகிறது. வருடக்கணக்கில் உள்ளே ஆயில் கருகிக் கரியாகிப் படிந்து வழி குறுகிவிடும். கழுவிப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், புதிய குழாய் போடுங்கள்.

அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பையும் இறக்கிப் பாருங்கள். பம்புக்கு ஆயில் இழுக்கும் சல்லடையில் கசடு அடைத்துக்கொள்வது இந்த இன்ஜினின் பழைய நோய். திரும்பி வரும் குழாய் மடிப்பில்லாமல் கீழ்நோக்கியே சரிய வேண்டும், ஏனென்றால் அதில் ஆயில் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. வழி தடைபட்டால் ஆயில் டர்போவின் சீலைத் தாண்டிக் கசிந்து நீலப் புகையாக வெளியே வரும். ஆயில் வழிகளில் சிலிக்கான் பசை தடவுவதும் கூடாது. பிதுங்கிய துண்டு ஒன்று உள்ளே போனாலே துளை அடைபடும். கேஸ்கெட்டும் செம்பு வாஷரும் போதும், இரண்டும் புதியதாக இருக்கட்டும்.

பொருத்துவது

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும், இதில் பெரிய வித்தை இல்லை. அழுத்தம் மிஞ்சாமல் புகையைத் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட்டின் தண்டை மட்டும் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்துச் சோதியுங்கள். டர்போவுடன் வந்த தாளில் சொன்ன அழுத்தத்தில் அது திறக்கத் தொடங்க வேண்டும். கடைசியாக, ஆயில் நுழையும் துளையில் சுத்தமான ஆயிலைச் சிறிது ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டுக் குழாயை மாட்டுங்கள்.

காற்று வடிகட்டி

பெரிய டர்போவோடு திறந்த வடிகட்டியை பம்பருக்குக் கீழே தொங்கவிடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. குளிர்ந்த காற்று கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐப்பசி மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் நீரைப் பார்த்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரு வாய் நீர் சிலிண்டருக்குள் போனாலே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தூசியும் சாம்பலும் டர்போ சக்கரத்தின் முனைகளைத் தேய்க்கும். உற்பத்தியாளரின் மூடிய பெட்டியும் காகித வடிகட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பெட்ரோலும் கணினியும்

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பெரிய இன்ஜெக்டர்கள், நல்ல நிலையில் உள்ள பம்பு, இசியு என்ற இன்ஜின் கணினிக்குப் புதிதாக எழுதிய மேப் (பெட்ரோல், தீப்பொறி அளவுகளின் அட்டவணை) மூன்றும் இல்லாமல் பூஸ்ட் கொடுப்பது பிஸ்டனை உருக்கும் வழி. ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மில்லிமீட்டர். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அளவு கூடுதலாகத் தேவை, பழைய ரப்பர் குழாய்களையும் அது பதம் பார்க்கும். மேப்பை 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதினால் அதையே ஊற்றுங்கள். முழு மிதியில் லாம்டா, அதாவது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தின் அளவு, 0.80 முதல் 0.85க்குள் நிற்க வேண்டும். மேப் எழுதுபவரிடம் குறைந்த சுற்றில் பூஸ்ட்டை அடக்கச் சொல்லுங்கள். இந்த இன்ஜினின் ராடுகளை வளைப்பது குதிரைத்திறன் அல்ல, குறைந்த சுற்றில் திடீரென வரும் முறுக்குவிசை.

முதல் ஓட்டம்

புதிய ஆயிலும் ஃபில்டரும் போட்டு, பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிறகு ஃபியூஸை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட விடுங்கள். கழற்றும்போது சிந்திய ஆயில் சூடாகிச் சற்று நேரம் புகையும். பத்து நிமிடம் கழித்தும் சைலன்சரில் நீலப் புகை வந்தால் இன்ஜினை நிறுத்தி, ஆயில் திரும்பும் குழாயைப் பாருங்கள். தடத்தில் முதல் சில சுற்றுகள் பூஸ்ட் ஏறாமல் போகட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் இன்ஜினை ஐடிலில் விட்டு அணையுங்கள். முதல் நாள் முடிந்து எல்லாம் ஆறியதும் மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். சூட்டில் விரிந்து சுருங்கியதில் இரண்டொன்று நிச்சயம் தளர்ந்திருக்கும். அடுத்த ஓட்டத்துக்கு முன் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து உள்ளே உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள்.