எக்செல்லில் ஒரு ஜெட் எஞ்சின்

டர்பைன் எஞ்சின் சிமுலேஷன் என்றதும் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளைத் தேடி ஓட வேண்டாம், சாதாரண டர்போஜெட்டுக்கு (காற்றை அமுக்கி, எரிபொருளை எரித்து, வாயுவைப் பின்னால் பீய்ச்சும் எளிய ஜெட் எஞ்சின்) எக்செல்லே தாராளம். நாசாவின் எஞ்சின்சிம் (EngineSim) என்ற சிமுலேட்டர் இலவசம்தான், ஆனால் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டு அதற்குப் போனால்தான் எந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடும்.

முதலில் உள்ளீடுகள். விமானம் தரையில் நிற்கிறது. உள்ளே வரும் காற்று 288 கெல்வின், 1 அட்மாஸ்பியர். காற்றை அமுக்கும் கம்ப்ரசரின் அழுத்த விகிதம் 10, திறன் 0.85. சூடான வாயு சுழற்றும் டர்பைனின் வாயில் 1300 கெல்வின், டர்பைன் திறன் 0.9. எல்லாம் கெல்வினில்தான், செல்சியஸில் போட்டால் விடை கோணலாக வரும், எக்செல் வாயே திறக்காது.

கம்ப்ரசர்: 10-இன் 0.2857 அடுக்கு (அமுக்கும்போது காற்று எவ்வளவு சூடாகும் என்று சொல்லும் அடுக்கு) 1.931. அதில் 1-ஐக் கழித்து, 288-ஆல் பெருக்கி, 0.85-ஆல் வகுத்தால் 315. ஆக காற்று 603 கெல்வினில் வெளியே வருகிறது.

எரியறை: 603-ஐ 1300 ஆக்க, காற்றின் எடையில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக எரிபொருள் போதும். அழுத்தம் 4% வீணாகும் என்று வைத்தால் மிச்சம் 9.6 அட்மாஸ்பியர்.

டர்பைன்: இங்கேதான் நிதானம் வேண்டும். கம்ப்ரசரும் டர்பைனும் ஒரே ஷாஃப்டில் இருக்கின்றன, அதனால் கம்ப்ரசர் தின்ற வேலையை டர்பைன் அப்படியே கட்டியாக வேண்டும். குளிர்ந்த காற்றுக்கு வெப்ப எண் (ஒரு கிலோவை ஒரு கெல்வின் சூடாக்கத் தேவையான ஜூல்) 1005, சூடான வாயுவுக்கு 1148. 1005 × 315 ÷ 1148 = 276, அதாவது வாயு 276 கெல்வின் இறங்கி 1024-இல் வெளியேறுகிறது. அழுத்தத்துக்கு, 276-ஐ 0.9-ஆல் வகுத்தால் 307. 1300-இல் அதைக் கழித்து 1300-ஆல் வகுத்தால் 0.764, அதன் 4 அடுக்கு (சூடான வாயுவுக்கான அடுக்கு) 0.341, 9.6-ஆல் பெருக்கினால் 3.27 அட்மாஸ்பியர்.

நாசில் (வாயு பின்னால் பீய்ச்சி வெளியேறும் குழாய்): 1024 × (1 − 3.27-இன் −0.25 அடுக்கு) = 263. இதை 2 × 1148-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு 777 மீட்டர். எரிபொருளின் எடையை விட்டுவிட்டால், விநாடிக்கு ஒரு கிலோ காற்றுக்கு 777 நியூட்டன் உந்துவிசை.

சரி, இப்போது எண்களை மாற்றிப் பாருங்கள். கம்ப்ரசர் திறனை 0.75 ஆக்கினால் 777 என்பது 713 ஆகிவிடும். திறனைப் பழையபடி வைத்து, காற்றை 318 கெல்வின், அதாவது 45 டிகிரி வெயில் என்று போட்டால் 728. அதோடு சூட்டில் காற்று மெலிவதால் உள்ளே வரும் எடையும் குறைகிறது, இரண்டும் சேர்ந்து உந்துவிசையில் சுமார் 15% போய்விடும். உச்சி வெயிலில் விமானத்துக்கு நீளமான ஓடுபாதையோ குறைந்த சுமையோ தேவைப்படுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் நிஜ எஞ்சினில் வெயில் ஏறினால் அழுத்த விகிதமும் 10-லேயே நிற்காது. அது எங்கே போய் நிற்கும் என்று தெரிய கம்ப்ரசர் மேப் (எந்த வேகத்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தம் என்று காட்டும் வரைபடம்) வேண்டும்: ஒரு விகிதத்தை ஊகித்து, கம்ப்ரசர் தள்ளும் காற்றும் டர்பைன் விழுங்கும் வாயுவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, போகாவிட்டால் ஊகத்தை மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும். விடைக்கு ஏற்ற உள்ளீட்டைத் தானே தேடும் எக்செல்லின் கோல் சீக் (Goal Seek) கொஞ்ச தூரம் தாங்கும், அப்புறம் பைத்தானுக்கு மாறிவிடுங்கள். நாசாவின் பைசைக்கிள் (pyCycle) என்ற பைத்தான் மென்பொருள் அதற்கென்றே இலவசமாக இருக்கிறது.