கனூ ஏரியில் ஒரு நாள்: முதல் தடவை துடுப்புப் பிடிப்பவர்களுக்கு

கோடை வந்துவிட்டால் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக அல்கொன்குவின் பூங்காவுக்குப் போகிறோம். கரையில் பாய் விரித்து, கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு இருட்டுமுன் திரும்பிவிடுகிறோம். தண்ணீரில் இறங்குகிறவர்கள் மிகக் குறைவு. கேட்டால் பழக்கமில்லை, நீந்தத் தெரியாது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி என்பார்கள். எனக்கு இது பெரிய மனக்குறை. அந்தக் கரையில் நின்று பார்க்கும் ஏரி வேறு, நடுத்தண்ணீரில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்போது தெரியும் ஏரி வேறு. அதனால் ஒரே ஒரு ஏரி, ஒரே ஒரு வழி, காலையில் போய் மதியம் கடந்ததும் திரும்பிவிடும் பயணம் ஒன்றை முதலில் இருந்து கடைசிவரை சொல்கிறேன்.

இடம் கனூ லேக். 60ஆம் நெடுஞ்சாலையில் பூங்காவின் மேற்கு வாசலைத் தாண்டி 14ஆவது கிலோமீற்றரில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வாடகைக்குக் கனூ (துடுப்பால் வலிக்கும் நீண்ட ஒடுங்கிய படகு), சாப்பாட்டுக் கடை, கழிப்பறை, அனுமதி அலுவலகம் எல்லாம் அந்தக் கரையிலேயே இருப்பதால்தான் புதியவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

ஜூலை நடுப்பகுதி தொடங்கி செப்டெம்பர் முதல் வாரம் வரை நல்லது. மே மாதம் போகாதீர்கள். ஏரியில் பனிக்கட்டி உருகுவதே ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில்தான், வெளியே 20 பாகை வெயில் அடித்தாலும் தண்ணீர் கடும் குளிராகத்தான் இருக்கும். போதாததற்கு மே நடுவில் இருந்து ஜூன் வரை கடிக்கும் கருப்பு ஈக்கள் உங்களை நிம்மதியாக இருக்க விடாது. இலை நிறம் மாறும் செப்டெம்பர் கடைசி அழகுதான், ஆனால் சனம் அலைமோதும், தண்ணீரும் மறுபடி குளிர்ந்திருக்கும். முதல் பயணத்துக்கு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வேலைநாள் கிடைத்தால் அதைவிட வேறில்லை.

நாளைக் குறித்ததும் வாகனத்துக்கான நாள் அனுமதியை இணையத்தில் எடுத்துவிடுங்கள். ஐந்து நாளைக்கு முன்பிருந்தே எடுக்கலாம். வார இறுதிகளில் இது முடிந்துபோய், வாசலில் இருந்து திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது காற்று. இதுதான் முக்கியம். புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் தூரத்தை வைத்துத் திட்டம் போடுகிறார்கள், "ஆறு கிலோமீற்றர்தானே" என்கிறார்கள். ஏரியில் தூரம் என்ற ஒன்று இல்லை, காற்று மட்டும்தான் உண்டு. காற்று இல்லாத காலையில் முக்கால் மணியில் போன வழி, எதிர்க்காற்று எழுந்த பின்னேரத்தில் இரண்டு மணி நேரம் எடுக்கும். எங்கள் முதல் பயணத்தில் நானும் அத்தானும் பதினொரு மணிக்கு ஆறுதலாகக் கிளம்பி, நாலு மணிக்குத் திரும்பும்போது தெற்கில் இருந்து காற்று முகத்தில் அடித்தது. துடுப்பை நிறுத்தினால் படகு பின்னுக்குப் போனது. கடைசியில் கரையை ஒட்டி, மரநிழல் மரநிழலாக ஒதுங்கி ஒதுங்கித்தான் வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து வானிலைச் செயலியில் மழையைப் பார்க்கும் முன் காற்றைப் பார்ப்பது என் பழக்கம். மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் காட்டினால் அன்று முதல் பயணம் வேண்டாம். ஏரியில் வெள்ளை நுரை தலையோடு அலை தெரிந்தாலும் அப்படித்தான். பொதுவாக விடியலில் ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும், முற்பகல் கடந்ததும் காற்று எழும்பும். ஆகவே காலை எட்டு ஒன்பதுக்குள் தண்ணீரில் இருங்கள். ரொறன்ரோவில் இருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் என்பதால், முடிந்தால் முதல் நாள் இரவு பூங்காவுக்குப் பக்கத்து ஊரான ஹன்ட்ஸ்வில்லில் தங்கிவிடுவது உத்தமம்.

கனூவா, கயாக்கா?

கயாக் இரட்டை முனைத் துடுப்போடு தாழ உட்கார்ந்து ஓட்டுவது, காற்றுக்கு நன்றாக ஈடுகொடுக்கும், நேராக ஓட்டவும் சீக்கிரம் பிடிபடும். கனூவில் இரண்டு பேர் சேர்ந்து வலிக்க வேண்டும், ஒற்றைத் துடுப்பு, கொஞ்சம் பழக வேண்டும். இருந்தாலும் நான் கனூவைத்தான் சொல்வேன். நடுவில் ஒரு பிள்ளையையும் சாப்பாட்டுப் பையையும் வைக்கலாம், தரையில் தூக்கிக்கொண்டு நடக்கவும் லேசு. வாடகைக்கு எடுக்கும்போது கெவ்லார் என்ற லேசான செயற்கை இழையில் செய்த கனூ கேளுங்கள். கூடுதல் காசுதான், ஆனால் ஏறத்தாழ 20 கிலோதான் இருக்கும். துடுப்பின் பிடி, நின்றபடி நிறுத்திப் பார்த்தால் உங்கள் நாடிக்கு, அதாவது முகவாய்க்கு, வர வேண்டும்.

கனடாச் சட்டப்படி படகில் இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு அளவான லைஃப் ஜாக்கெட், 15 மீற்றருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம், ஒரு விசில். கிளம்பும் முன் எண்ணிப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதும் என்று சட்டம் சொன்னாலும், அதைக் காலுக்கடியில் போட்டுக்கொண்டு போவதில் பயனே இல்லை. கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் அதை மாட்டுவது மிகவும் கஷ்டம். கரையில் போட்டதைக் கரைக்கு வந்துதான் கழற்ற வேண்டும், நீந்தத் தெரிந்தவருக்கும் இதேதான். பிள்ளைகளுக்குத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது, மாற்றுங்கள்.

ஜீன்ஸ், பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் காயாது. கழன்று போகாத செருப்பு, தொப்பி, தண்ணீர், ஒரு செட் மாற்று உடுப்பு. தொலைபேசியும் கார்ச் சாவியும் தண்ணீர் புகாத பைக்குள் போய்விடட்டும். சாப்பாட்டுக்கு இடியப்பம் சம்பல் எல்லாம் கரையில் நல்லது, படகுக்கு மட்டன் ரோல்ஸ்தான் சரி. ஒரு கையால் சாப்பிடலாம், சிந்தாது.

ஏறுவது, வலிப்பது

அதிகமானோர் விழுவது ஏரி நடுவில் அல்ல, ஏறும் இடத்தில். படகு முழுதாக மிதக்க வேண்டும், ஒருவர் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் குனிந்து, இரண்டு விளிம்பையும் கையால் பற்றி, நடுக்கோட்டில் காலை வைத்து இறங்கி உடனே உட்கார வேண்டும். அதன்பின் எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்காதீர்கள். பாரமானவர் பின்னால், மற்றவர் முன்னால், அதாவது அணியத்தில். பை நடுவில்.

முன்னால் இருப்பவர் வேகத்தைத் தருகிறார், பின்னால் இருப்பவர்தான் திசையைப் பிடிக்கிறார். இருவரும் எதிரெதிர்ப் பக்கம் ஒரே தாளத்தில் வலியுங்கள். மேல்கை கண் உயரத்தில், துடுப்பு செங்குத்தாக, அகன்ற முனை முழுதும் தண்ணீருக்குள். முழங்காலுக்கு முன்னே ஊன்றி இடுப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள், அதற்கும் பின்னால் இழுத்தால் படகு திரும்பும், முன்னேறாது. கையால் இழுக்காமல் உடம்பைத் திருப்பி இழுத்தால் தோள் நோகாது.

பத்து நிமிடத்தில் ஒன்று கவனிப்பீர்கள்: படகு பின்னால் இருப்பவர் வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விலகிக்கொண்டே போகும். துடுப்பை இழுத்து முடிக்கும்போது மேல்கைக் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பி, அகன்ற முனையால் தண்ணீரை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளுங்கள். ஆங்கில ஜே எழுத்து மாதிரி ஒரு கோடு விழும். முதல் அரை மணி இது கைக்கு வராது, பாம்பு போல வளைந்து வளைந்துதான் போவீர்கள், பரவாயில்லை. படகு ஏறும் துறைக்கு முன்னாலேயே இருபது நிமிடம் சுற்றிப் பழகுங்கள்.

வழி

வடக்கே, கரையோடு. குறுக்கே வெட்டாதீர்கள், ஏரியில் மோட்டார்ப் படகுகளும் உண்டு. அவை எழுப்பும் அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், முனையைச் சற்றுச் சரிவாக அலையை நோக்கித் திருப்புங்கள், பயமாக இருந்தால் இருக்கையை விட்டு இறங்கி முழங்காலில் நில்லுங்கள், படகு அடங்கிவிடும்.

வடக்கே போகும் வழியில் ஹேஹர்ஸ்ட் முனையில் ஒரு கல்தூண் நிற்கும். ஓவியர் ரொம் தொம்சனுக்காக 1930இல் நட்டது. இந்த ஏரியைத் தீட்டித் தீட்டித் தீராத அந்த மனிதர் 1917 ஜூலையில் இதே ஏரியில் இறந்தார். துடுப்பில் அவ்வளவு பழக்கம் உள்ளவர். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் என் கை தானாக லைஃப் ஜாக்கெட் பட்டியை இறுக்கிப் பார்க்கும்.

புதியவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஏரியின் வடக்கு முடிவும் மஞ்சள் பலகையும் வரும். அதுதான் போர்ட்டேஜ், படகைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பாதை, ஜோ லேக்குக்கு 295 மீற்றர். முதலில் பைகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, படகை இருவர் சேர்ந்து கவிழ்த்து, நடுவில் இருக்கும் நுகத்தை ஒருவர் தோளில் வைக்க வேண்டும். அந்த வேலைப்பாடு செய்த கட்டையைப் பார்த்தாலே மாட்டு வண்டி ஞாபகம் வரும். பாதையை மறித்துச் சாப்பாட்டுக் கடை விரிக்க வேண்டாம், பின்னால் பாரத்தோடு ஆட்கள் வருவார்கள்.

ஜோ லேக் அமைதி. லூன் பறவை கூவினால் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், கிட்டப் போகாதீர்கள். செம்மஞ்சள் பலகை உள்ள கரைகள் இரவு தங்க முன்பதிவு செய்தவர்களுடையவை, அங்கே ஆட்கள் இருந்தால் இறங்க வேண்டாம். குப்பையில் ஒரு துண்டுகூட விடாதீர்கள், கரடி உள்ள காடு.

பன்னிரண்டு மணிக்குத் திரும்புங்கள், எந்த இடத்தில் இருந்தாலும் சரி. இடி கேட்டால் உடனே கரைக்கு, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

கவிழ்ந்துவிட்டால்

படகை விடாதீர்கள். தலைகீழானாலும் அது மிதக்கும், நீங்கள் தனியாக நீந்துவதைவிட அது பெரிதாகவும் தெரியும். குளிர்ந்த தண்ணீருக்கு இங்கே 1-10-1 என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்: முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும், அதை அடக்குவது மட்டும்தான் வேலை, அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், அதற்குள் கரைக்கோ படகின் மேலோ போக வழி பாருங்கள், ஏறத்தாழ 1 மணி நேரத்துக்குப் பிறகுதான் உடல் குளிர்ந்து நினைவு தப்பும். இந்தக் கணக்கு லைஃப் ஜாக்கெட் போட்டவருக்குத்தான். கரையோடு போகச் சொன்னதும் இதற்காகத்தான். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், காட்டுக்குள் தொலைபேசி எடுக்கும் என்று நம்பாதீர்கள். நீந்தத் தெரியாதவர்கள் மட்டும் தனியாக ஒரு படகில் ஏற வேண்டாம், தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். பியர் போத்தலை எடுத்துக்கொண்டு ஏறுவதும் கூடவே கூடாது.

இரண்டு மூன்று தடவை ஏரி பழகிய பிறகு ஆறு. ஒன்ராறியோவில் உள்ள பாரிஸ் என்ற ஊரில் இருந்து பிரான்ட்ஃபோர்ட் வரை கிராண்ட் ஆற்றில் நாள் பயணம் போகலாம், வாடகைக்காரர்களே வாகனத்தில் ஏற்றி இறக்குவார்கள். ஆற்றில் காற்றைவிட நீரோட்டம்தான் கணக்கு. தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரத்தைக் கண்டால் தூரத்திலேயே விலகுங்கள், ஓட்டம் ஆளை அந்தக் கிளைக்குள் அழுத்திவிடும். பெருமழைக்கு அடுத்த நாள் போகவே வேண்டாம்.

படகைக் கொடுத்ததும் முதல் வேலை ஈர உடுப்பை மாற்றுவது. பிறகு பிளாஸ்கில் இருக்கும் தேநீர். ஓட்டப் போகிறவர் மட்டும் அரை மணி நேரம் காரில் கண்ணை மூடட்டும், விடியலில் எழும்பிய உடம்பு, இன்னும் மூன்று மணி நேர ஓட்டம் இருக்கிறது.