ஃபெரியில் ஐந்து பக்கம்

"இந்த வருடம் ஐம்பது புத்தகம்" என்று எழுதி வைத்த வருடங்களில் மார்ச் மாதத்தோடு எல்லாம் நின்றுபோகும். இப்போது என் கணக்கு வேறு. பட்டர்வொர்த்தில் பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெரி ஏறியதும் கைப்பேசி பைக்குள் போய்விடும், புத்தகம் கைக்கு வந்துவிடும். காலையில் ஐந்து பக்கம், வேலை முடிந்து திரும்பும்போது ஐந்து பக்கம். மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால் 220 பக்கம். அளவான புத்தகம் ஒன்று முடிந்துவிடும்! நிறுத்திய பக்க எண்ணைச் சமையலறைக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் குறித்துவிடுவேன். கட்டம் காலியாக இருந்தால் மனசு உறுத்தும். மறுநாள் புத்தகத்தை எடுக்க வைப்பது அந்த உறுத்தல்தான்.

அப்புறம், மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் வேலைக்குப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டப்படிப்பு கைநழுவிவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 21 வயது நிறைந்து, துறை சார்ந்த வேலை அனுபவமும் இருந்தால், முன் அனுபவத்தில் கற்றதைக் கணக்கில் எடுக்கும் 'ஏப்பெல்' (APEL) மதிப்பீட்டின் வழியே இளங்கலையில் சேர விண்ணப்பிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நம் பினாங்கிலேயே வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதல் மாதத்துக்குச் சின்ன இலக்கு போதும்: வேலை அனுபவக் கடிதம், பயிற்சிச் சான்றிதழ்கள், பழைய சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். இதற்கே இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும்.

புத்தகம் வாங்கிய ரசீதுகளையும் அதே கோப்பில் போடுங்கள், வருமான வரிக் கழிவுக்கு உதவும்.