எஃப்டிபி சர்வருக்கு டிஎல்எஸ் பாதுகாப்பு: விண்டோஸில் ஃபைல்ஜில்லா சர்வர் அமைக்கும் முறை

கணினிகளுக்கிடையே ஃபைல் அனுப்பும் நெறிமுறை எஃப்டிபி. அதன் இன்றைய வடிவம் 1985-இல் வகுக்கப்பட்டது. பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஃபைல் எல்லாமே அதில் வெறும் எழுத்தாகவே வலையில் போகும். வழியில் உள்ள ஏதாவது ஒரு கணினியில் வலைப் போக்குவரத்தைப் பார்க்கும் வயர்ஷார்க் ஓடினால் போதும், பாஸ்வேர்டைப் படித்துவிடலாம். 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4217 என்ற இணையத் தர ஆவணம் இதற்கு வழி சொன்னது: அதே எஃப்டிபியை டிஎல்எஸ் குறியாக்கத்துக்குள் ஓட்டுவது. இதைத்தான் எஃப்டிபிஎஸ் என்கிறோம். எஸ்எஃப்டிபி என்பது வேறு. அது தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழியே 22-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) ஓடுவது, ஃபைல்ஜில்லா சர்வரின் இலவசப் பதிப்பில் கிடையாது.

சிறு அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் கணினி, அதில் ஃபைல்ஜில்லா சர்வர் 1.0-க்குப் பிந்தைய பதிப்பு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். டிஎல்எஸ்ஸை இயக்குவது சில நிமிட வேலைதான். அதன்பிறகு லாகின் ஆகும், ஆனால் ஃபைல் பட்டியல் வராமல் நிற்கும். பலர் அந்த இடத்தில் சலித்துப்போய் குறியாக்கத்தையே அணைத்துவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. தடங்கல் குறியாக்கத்தில் இல்லை, ரவுட்டரில் இருக்கிறது.

பூட்டு போடுதல்

நிறுவும்போது நிர்வாகப் பாஸ்வேர்டு கேட்கும், காலியாக விடாதீர்கள். நிர்வாகத் திரைக்கான போர்ட் 14148. அதை ரவுட்டரில் ஒருபோதும் வெளியே திறக்க வேண்டாம்.

சர்வர் மெனுவில் ‘கான்ஃபிகர்’ திறந்து ‘சர்வர் லிசனர்ஸ்’ பகுதிக்குப் போங்கள். சர்வர் இணைப்புக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு போர்ட்டும் ஒரு லிசனர். 21-ஆம் போர்ட்டுக்கு எதிரே உள்ள புரோட்டோகால், சாதா எஃப்டிபியையும் சேர்த்து அனுமதிப்பதாக இருந்தால் அதை ‘ரிக்வயர் எக்ஸ்ப்ளிசிட் எஃப்டிபி ஓவர் டிஎல்எஸ்’ என்று மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாவிட்டால் சர்வரின் அடையாளத்தைக் காட்டும் டிஎல்எஸ் சான்றிதழ் போட்டும் பயனில்லை. சாதா வழியில் வருகிறவர்களை சர்வர் தொடர்ந்து உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். 990-ஆம் போர்ட்டின் ‘இம்ப்ளிசிட்’ முறை எந்த ஆர்எஃப்சியிலும் தரமாக ஏற்கப்படவில்லை. பழைய கருவி எதுவும் அதைக் கேட்காதபோது அந்த லிசனர் வேண்டாம்.

அடுத்து ‘கனெக்‌ஷன் செக்யூரிட்டி’. குறைந்தபட்ச டிஎல்எஸ் பதிப்பு 1.2 ஆக இருக்கட்டும். 1.0, 1.1 இரண்டும் 2021-இல் முறைப்படி கைவிடப்பட்டவை.

சான்றிதழில் இரண்டு வழி. சொந்த டொமைன் இருந்தால் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழை இங்கிருந்தே இலவசமாகப் பெறலாம். டொமைன் உங்களுடையதுதானா என்று சோதிக்க வெளியிலிருந்து 80-ஆம் போர்ட்டை எட்ட முடிய வேண்டும். இப்போதைக்கு அதன் ஆயுள் 90 நாள், சர்வரே புதுப்பித்துக்கொள்ளும். சான்றிதழ் வந்ததும் 80-ஐ மூடிவிட்டால் புதுப்பித்தல் தோற்கும், ஒரு நாள் எல்லாருடைய திரையிலும் எச்சரிக்கை வந்து நிற்கும். டொமைன் இல்லையென்றால் சர்வர் தானே கையொப்பமிடும் சான்றிதழ் போதும். குறியாக்கத்தின் பலம் இதில் குறைவதில்லை. ஆனால் இணைகிறவர் தான் பேசுவது உங்கள் சர்வரோடுதானா என்று அறிய, அதன் எஸ்ஹெச்ஏ-256 கைரேகையை (சான்றிதழின் தனி அடையாள எழுத்துக்கோவை) நீங்கள் தொலைபேசியில் படித்துச் சொல்லி, முதல் இணைப்பில் அவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பிடாமல் ‘சரி’ அழுத்தினால் நடுவில் உட்கார்ந்திருப்பவனின் சான்றிதழையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

பட்டியல் ஏன் வருவதில்லை

எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகள். கட்டளைகள் 21-ஆம் போர்ட்டில். ஃபைலும் பட்டியலும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கும் வேறொரு போர்ட்டில். இணைகிறவரே இரண்டாம் இணைப்பையும் தொடங்கும் பாசிவ் முறையில் சர்வர் தன் முகவரியையும் அந்தப் போர்ட்டையும் இப்படி அறிவிக்கும்: 227 (192,168,1,10,156,64). முதல் நான்கு எண்களும் முகவரி. கடைசி இரண்டும் போர்ட்: 156 × 256 + 64 = 40000.

192.168.1.10 உள் முகவரி, வெளியில் இருப்பவருக்கு உதவாது. சாதா எஃப்டிபியில் பல ரவுட்டர்கள் இந்த வரியை நடுவில் படித்து, பொது முகவரியாக மாற்றி, போர்ட்டையும் தாமே திறந்துவிடும். டிஎல்எஸ் வந்ததும் அந்த வரி ரவுட்டரின் கண்ணுக்குத் தெரியாது. இதுவரை ரவுட்டர் செய்த வேலையை இனி நாம் கையால் செய்து வைக்க வேண்டும்.

‘பாசிவ் மோட்’ பக்கத்தில் போர்ட் வரம்பை 40000 முதல் 40100 வரை என்று கொடுங்கள். விண்டோஸ் தன் சொந்தத் தேவைக்கு 49152-இலிருந்து 65535 வரை எடுத்துக்கொள்வதால் அதற்குக் கீழே இருப்பது நல்லது. அதே பக்கத்தில் உங்கள் பொது ஐபி அல்லது டொமைன் பெயரை எழுதுங்கள். பிறகு ரவுட்டரில் 21-ஐயும் 40000–40100-ஐயும் சர்வர் கணினிக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். விண்டோஸ் ஃபயர்வாலிலும் அதே டிசிபி போர்ட்டுகளுக்கு உள்வரும் அனுமதி வேண்டும். சர்வர் கணினியின் உள் ஐபி மாறாமல் ரவுட்டரில் நிலைப்படுத்தி வையுங்கள். ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரியும் இணையத்தில் தெரியும் உங்கள் முகவரியும் வேறுபட்டால், உங்கள் இணைப்பு பெரும்பாலும் சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியில் இணைக்கும் என்ஏடி (NAT) அமைப்புக்குப் பின்னால் இருக்கிறது. அப்போது எந்த ஃபார்வர்டிங்கும் பலிக்காது. நிலையான பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும்.

பயனர்கள்

ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. மவுன்ட் பாயின்ட்டில் மெய்நிகர் பாதையாக (பயனர் கண்ணில் படும் பாதை) / , எதிரே அவருக்கான ஒரே ஃபோல்டர். எடுக்க மட்டும் வருபவருக்கு ‘ரீட் ஒன்லி’. சர்வர் விண்டோஸ் சர்வீஸாக ஓடுவதால், நீங்கள் லாகின் செய்து இணைத்த நெட்வொர்க் டிரைவ் எழுத்துகள் அதற்குத் தெரியாது. ஃபோல்டர் அந்தக் கணினியின் வட்டிலேயே இருப்பது உத்தமம்.

டிஎல்எஸ் பேசத் தெரியாத பழைய ஸ்கேனர் இருந்தால் அதற்காகப் பொதுப் பூட்டைத் தளர்த்த வேண்டாம். கணினியின் உள் ஐபியில் மட்டும் 2121 என்று தனி லிசனர் வைத்து, அதற்கென்று ஒரு கணக்கு கொடுத்து, அந்தக் கணக்கை ஸ்கேனரின் ஐபியிலிருந்து மட்டும் அனுமதியுங்கள். 2121 ரவுட்டரில் திறக்கப்படக் கூடாது.

இணைகிறவர் பக்கம்

குரோம் 95, ஃபயர்ஃபாக்ஸ் 90 இரண்டும் 2021-இல் எஃப்டிபியை நீக்கிவிட்டன. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரருக்கு எஃப்டிபிஎஸ் தெரியாது. ஃபைல்ஜில்லா கிளையன்ட் அல்லது வின்எஸ்சிபி தேவை. ஃபைல்ஜில்லா சைட் மேனேஜரில் ‘இஃப் அவைலபிள்’ என்று முடியும் தேர்வை எடுக்காதீர்கள். வழியில் இருப்பவன் டிஎல்எஸ் இல்லை என்று போலியாகப் பதில் சொன்னால் கிளையன்ட் பாஸ்வேர்டைத் திறந்தபடி அனுப்பிவிடும். இதை உங்கள் சர்வரால் தடுக்க முடியாது. ‘ரிக்வயர்’ என்று தொடங்கும் தேர்வே வேண்டும்.

சோதனையை அலுவலக வைஃபையில் செய்யாதீர்கள். உள்ளே எல்லாம் சரியாக ஓடுவது போலத் தோன்றும். கைபேசி ஹாட்ஸ்பாட்டிலிருந்து இணையுங்கள். லாகின் ஆகிப் பட்டியலில் நின்றால் பாசிவ் வரம்பை, பொது ஐபியை, ஃபயர்வாலை இதே வரிசையில் பாருங்கள். 425 என்ற எண்ணோடு டிஎல்எஸ் செஷன் மீளவில்லை என்று வந்தால் குறை கிளையன்ட்டில். திறந்த பாசிவ் போர்ட்டில் மூன்றாம் ஆள் முந்திக்கொண்டு நுழையாதபடி, கட்டளை இணைப்பின் அதே டிஎல்எஸ் செஷன் ஃபைல் இணைப்பிலும் தொடர வேண்டும் என்று சர்வர் கேட்கிறது. பைத்தான் மொழியின் எஃப்டிபி நூலகமான எஃப்டிபிலிப் இதைத் தானாகச் செய்வதில்லை. ஸ்கிரிப்ட் தேவையென்றால் வின்எஸ்சிபியின் கட்டளைவரி செய்யும்.

கடைசியாக, கிளையன்ட்டில் வேண்டுமென்றே ‘ஒன்லி யூஸ் பிளெயின் எஃப்டிபி’ தேர்ந்து இணைந்து பாருங்கள். பயனர் பெயர் போனதுமே, பாஸ்வேர்டு கிளம்பும் முன், சர்வர் மறுக்க வேண்டும். உள்ளே விட்டால் லிசனர் மாற்றம் சேமிக்கப்படவில்லை.