கடலோர வீட்டுக்கு ஒளியமைத்தல்: உள்ளும் புறமும், படிப்படியாக

திருகோணமலையில் கடலைப் பார்த்துக் கட்டிய வீட்டுக்கு முகப்பு கிழக்கே இருக்கும். பிற்பகல் நான்கு மணிக்கே விறாந்தை நிழலுக்குள் போய்விடும். ஆறரை மணி கடந்தால் கடற்பக்கம் முழுவதும் கறுத்துவிடும். அப்படியிருந்தும் வீடு கட்டுபவர்களில் பலர் ஓடு போட்டு, தரை பதித்து, சுவருக்கு நிறமும் பூசிய பின்னர்தான் விளக்கைப் பற்றி யோசிக்கிறார்கள்; அந்த வேளையில் ஒவ்வோர் அறைக்கும் கூரை நடுவில் ஒரு புள்ளியும் கதவோரத்தில் ஒரு சுவிச்சும் மாத்திரமே மிஞ்சியிருக்கும். ஆகவே சுவர் பூசுவதற்கு முன், வயறிங் குழாய் பதிக்கும் கட்டத்திலேயே கீழுள்ள வேலைகளைத் தொடங்கிவிடுங்கள்.

முதற்படி: ஒளி விழவேண்டிய இடங்களைக் குறித்தல்

கடைக்குப் போகுமுன் வீட்டின் வரைபடத்தை எடுத்து, வெளிச்சம் விழவேண்டிய பரப்புகளைப் பென்சிலால் நிழலிடுங்கள்: குசினியில் வெட்டும் மேடை, பிள்ளை படிக்கும் மேசை, சாமியறைப் படம், விறாந்தைப் படி, கேற்றின் பூட்டு. விளக்கு எங்கே வரவேண்டும் என்பதை அந்தப் பரப்புகளே சொல்லிவிடும்.

இதன் அவசியத்தைக் குசினியில் நின்று பார்த்தால் உடனே விளங்கும். கூரை நடுவில் மாத்திரம் விளக்கு இருக்கும்போது மேடையை நோக்கி நின்று ஒரு பாரை மீனை வெட்டிப் பாருங்கள். வெளிச்சம் முதுகில் விழ, உங்கள் தலையின் நிழல் கத்தி முனையிலேயே வந்து நிற்கும். எத்தனை வொட் கூட்டினாலும் அந்த நிழல் விலகாது. மேல் அலுமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி, ஓர் எல்.ஈ.டி. பட்டியைப் பொருத்தினால் விலகிவிடும்.

இரண்டாம் படி: அளவைக் கணக்கிடல்

விளக்கு தரும் ஒளியை அளப்பது லூமென். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு லூமென் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். நடைபாதைக்கு 100, இருக்கும் அறைக்கு 150, வாசிக்கும் மேசைக்கும் குசினி மேடைக்கும் 300 முதல் 500 லக்ஸ் வரை என்று வைத்துக்கொள்ளலாம். 12 அடிக்கு 10 அடி அறை ஏறத்தாழ 11 சதுர மீற்றர். அதை 150 ஆல் பெருக்கினால் 1,650 லூமென். வெளிப்படும் ஒளியில் ஒரு பகுதியைச் சுவரும் கூரையும் விழுங்கிவிடும், தூசியும் காலப்போக்கில் கொஞ்சம் குறைக்கும் என்பதால் அந்தத் தொகையை இரட்டிப்பாக்கி 3,300 என்று எடுங்கள். 9 வொட் எல்.ஈ.டி. குமிழ் பொதுவாக 800 முதல் 900 லூமென் வரை தரும், நான்கு போதும். சுவருக்குக் கடும் நிறம் பூசியிருந்தால் ஐந்தாவதும் தேவைப்படும். அவற்றை ஒரே சுவிச்சில் கோக்காமல் இரண்டு இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒளியின் நிறம்

நம்முடைய கடைகளில் கேட்காமலே எடுத்துத் தருவது 6500 கெல்வின் வெள்ளை ஒளி. கெல்வின் என்பது ஒளி நிறத்தின் அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். இருக்கும் அறைக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 வரையான மஞ்சள் சார்ந்த ஒளியும், குசினிக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 உம் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே அறையில் இரண்டு நிறங்களைக் கலக்க வேண்டாம். பொருட்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் நிறத் துல்லியச் சுட்டெண்ணையும் (CRI) பெட்டியில் பாருங்கள். அது 80க்குக் குறைந்தால் சேலையின் அரக்கும் மண்ணிறமும் ஒன்றுபோலத் தெரியும், மீனின் செவுள் சிவப்பாக இருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று மதிப்பிடவும் முடியாது. குசினிக்கு 90 இருந்தால் நல்லது.

நான்காம் படி: சுவருக்கு ஒளி கொடுத்தல்

திருகோணமலை பிரெடரிக் கோட்டை மதிலை வெயில் உரசிக்கொண்டு இறங்கும் நேரத்தில் பார்த்தால் ஒவ்வொரு கல்லின் விளிம்பும் தனித்துத் தெரியும். நேர் வெயிலில் அதே மதில் தட்டையாகிவிடும். கல் பதித்த சுவர் உங்களிடம் இருந்தால், விளக்கைச் சுவரிலிருந்து ஒரு சாணுக்குள் வைத்து ஒளியை உரசவிடுங்கள். ஆனால் சாதாரணப் பூச்சுச் சுவரில் இதைச் செய்யாதீர்கள், மேசனின் ஒவ்வொரு பிசகும் வெளியே வந்துவிடும். அதற்கு விளக்கை இரண்டு மூன்று அடி தள்ளி வைப்பதே முறை. படத்துக்கோ சிற்பத்துக்கோ குவியொளி வாங்கும்போது கற்றைக் கோணத்தை, அதாவது ஒளி விரியும் கோணத்தைக் கேளுங்கள். 36 பாகை விளக்கு இரண்டு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 1.3 மீற்றர் அகல வட்டத்தை உண்டாக்கும்.

ஐந்தாம் படி: வெளிப்புறமும் உப்புக்காற்றும்

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. எங்கள் வீட்டு வாசல் விளக்கு ஒரு மாரி முடிந்ததும் அணைந்துபோனது. கழற்றிப் பார்த்தேன்: கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு கரண்டி தண்ணீர், அதில் மிதந்த ஈசல் இறகுகள், செப்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு, திருகாணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிர்ந்திருந்தது. வயர் மேலிருந்து நேராக விளக்குக்குள் இறங்கியதால் மழைநீர் அதன் வழியே வழிந்து உள்ளே போயிருக்கிறது. வயரை விளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டுப் பின் மேல்நோக்கி ஏற்றியிருந்தால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். செலவு அரை அடி வயர்தான்.

தாழ்வாரத்துக்குள் இருக்கும் விளக்குக்கு ஐ.பி. 44 (தூசியும் நீரும் புகாமல் காக்கும் தர எண்) போதும், மழை நேரே படும் இடத்துக்கு ஐ.பி. 65 வேண்டும். முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது தண்ணீரையும் குறிக்கும். ஆனால் அந்த எண் உப்பரிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அலுமினிய உடலில் எஃகுத் திருகாணி சேர்ந்தால், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டுக்கொண்டே போகும். கடலுக்கு அருகில் பித்தளை, தரமான பிளாஸ்ரிக், அல்லது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். மலிவான 304 ரகம் கடற்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

வெளி இணைப்பு முழுவதும் மின் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் றிப் சுவிச்சின் கீழ் வரவேண்டும். 230 வோல்ற் வேலையைத் தகுதி பெற்ற மின்னிணைப்பாளரிடமே விடுங்கள்.

ஆறாம் படி: கடற்கரைப் பக்கம்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையோரம் வீடோ விடுதியோ கட்டுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இலங்கைக் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் இரவில் பொரித்து, வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஊர்ந்தே கடலை அடைகின்றன. நம்முடைய மதில் விளக்கு கடலைவிட வெளிச்சமாக இருந்தால் அவை கரைப்பக்கம் திரும்பி, இரவில் நாய்க்கும் விடிந்ததும் காகத்துக்கும் இரையாகிவிடும். கடற்பக்க விளக்குகளைத் தாழ்வாக வைத்து, மேற்புறத்தையும் பக்கங்களையும் மூடி, செம்மஞ்சள் நிற ஒளியைப் பயன்படுத்துங்கள். அந்த நிறத்துக்கு ஈசலும் குறைவாகவே வரும்.

ஏழாம் படி: இரவில் சரிபார்த்தல்

எல்லாவற்றையும் பொருத்திய பின், திருகாணிகளை முழுதாக இறுக்குமுன், ஓர் இரவு ஒழுங்கையில் நின்று வீட்டைப் பாருங்கள். கண்ணில் நேரே குத்தும் விளக்கு ஒன்று இருந்தாலும் அதைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். பின்பு விறாந்தைக் கதிரையில் அமர்ந்தும், படியில் இறங்கியும் பார்த்துவிட்டு இறுக்குங்கள். முதல் மாரி ஓய்ந்ததும், தை மாதத்தில், மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு வெளி விளக்கு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். இறப்பர் வளையம் வெடித்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.